நெற்றியில் செய்த மூக்கு

மார்ச் 5, புதன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். இப்போது மூக்கு இல்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த டைரி ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் கொடுத்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் போன வருடம் கொடுத்ததாம். கிழமை ஒன்றும் பொருந்தவில்லை, அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். ஆபரேஷன் முடிந்ததும் நாலைந்து நாள் பேசக் கூடாதாம். “வாயை மூடிக்கிட்டு இருக்க உன்னால முடியாது ரஞ்சிதம், இதுல எழுதிக் கொட்டு” என்றார். பரவாயில்லை, நான் வந்த இரண்டாம் நாளே என்னைப் புரிந்துகொண்டிருக்கிறார்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கறிக்கோழிக் கடை வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் குருநாதன் சீக்கு வந்து செத்த கோழி, லாரியில் நசுங்கிச் செத்த கோழி எல்லாவற்றையும் உரித்து ஓட்டலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொன்னேன். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கடை வாசலில் கூட்டம் நிற்கும்போது, செத்த கோழிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் கொட்டினேன். அவருக்கு முதலில் கை வந்தது. தாடையில் ஒரு குத்து, கடைவாய்ப் பல் ஆடிப்போயிற்று. பிறகு முடியைப் பிடித்து வெட்டுக்கட்டையில் என் தலையை அழுத்தி, கத்தியை எடுத்து மூக்கை அறுத்தார். இரண்டு இழுப்பு. கழுத்தைத்தான் அறுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணை மூடவில்லை. கட்டையில் ஏற்கெனவே கோழி ரத்தம் இருந்தது, அதில் என்னுடையது எது என்று தெரியவில்லை.

அவர், அவர் என்று எழுதிக் கை பழகிவிட்டது. அவன் என்று எழுதிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. இனிமேல் அப்படித்தான்.

எங்கள் கடையில் கோழி வெட்டுபவன் என் கூடப்பிறந்த அண்ணன் சந்தனம். கீழே கிடந்த மூக்கை அவன்தான் எடுத்தான். எடுத்தவன், கறியை எப்படி வைப்போமோ அப்படியே மஞ்சளும் உப்பும் போட்டு அலசி, கேரிப்பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் ஈரலுக்கு நடுவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். “கெடாம கொண்டாந்திருக்கேன் டாக்டரம்மா” என்று நீட்டினானாம். டாக்டர் மெஹருன்னிசா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதை வச்சுக் குழம்புதான் வைக்கலாம்” என்றாராம். அண்ணனை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, செருப்பால் அடிக்கவும் தோன்றுகிறது.

அப்போது காயத்தை ஆற வைத்து அனுப்பினார்கள். இப்போது புது மூக்கு வைக்க வரச் சொன்னார்கள். நெற்றித் தோலை நாக்கு மாதிரி நீளமாக வெட்டி, ஒரு முனையைப் புருவத்தோடு விட்டுவிட்டு, மறு முனையைத் திருப்பிக் கீழே இறக்கி மூக்காகத் தைப்பார்களாம். உள்ளே முட்டுக்கொடுக்க விலாவிலிருந்து குருத்தெலும்பு. மூன்று வாரம் அந்தத் தோல் தண்டு வழியாகத்தான் மூக்குக்கு ரத்தம் போகும். பிறகு தண்டை வெட்டிவிடுவார்கள்.

“அதுவரைக்கும் பக்கத்துல ஒருத்தர் பீடி குடிக்கக் கூடாது. புகையிலை, பான்பராக் எதுவும் வாயில வைக்கக் கூடாது. ரத்தக் குழாய் சுருங்குச்சுன்னா தோல் கறுத்துச் செத்துரும். மறுபடி எடுக்கிறதுக்கு உனக்கு இன்னொரு நெத்தி கிடையாது, புரியுதா?” என்றார் டாக்டர்.

எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை என்றேன்.

மார்ச் 6, வியாழன்

நெற்றியில் பேனாவால் கோடு போட்டுவிட்டார்கள். முடி ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் போகிறது. வகிட்டில் குங்குமம் வைக்கிற இடம்தான் மூக்கு நுனியாக வருமாம். கண்ணாடி கேட்டேன், தரவில்லை.

மார்ச் 8, சனி

வலி. நேற்று ஆபரேஷன் முடிந்தது. மூக்கைவிட விலாவில்தான் உயிர் போகிறது. இருமல் வந்தால் செத்தேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று எஸ்தர் சிஸ்டர் கண்ணாடியைக் காட்டினார். புருவத்திலிருந்து ஒரு தடித்த சதைத் தண்டு இறங்கி மூக்கில் முடிகிறது. நெற்றியில் தோல் எடுத்த இடத்தில் கட்டு. விநாயகர் தும்பிக்கையைத் தப்பான இடத்தில் வைத்துக்கொண்டு வந்தது மாதிரி இருந்தேன். அழவில்லை. அழுதால் தையல் இழுக்கும்.

பக்கத்துக் கட்டில் அமராவதி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலில் கரும்பு லாரி ஏறிவிட்டது, தொடைத் தோலை உரித்துக் காலில் ஒட்டியிருக்கிறார்கள். “வேற யாரு தோலும் வேலைக்காகாதாம்ல. நம்ம கடன நாமளே அடைக்கணும்ங்கிற மாதிரி இருக்கு” என்றார். மடியில் புகையிலைப் பொட்டலத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, டாக்டர் போனதும் ஒரு சிட்டிகை அடக்கிக்கொள்கிறார். அதனால்தான் கால் ஆறமாட்டேன் என்கிறது. நமக்கென்ன.

மதியம் டாக்டர் வந்து என் கண்ணைத் துணியால் மூடி, பஞ்சுக் குச்சியால் தொட்டார்.

“எங்க தொடுறேன்?”

பேசக் கூடாதே, கையைத் தூக்கி நெற்றிக்கு மேலே வகிட்டைக் காட்டினேன்.

“இல்ல. மூக்கு நுனியில தொடுறேன்.”

நம்பவில்லை. துணியை எடுத்துக் காட்டினார். குச்சி மூக்கில் இருந்தது, எனக்கு வகிட்டில் தெரிந்தது. தண்டு வெட்டும்வரை அந்த நரம்பு பழைய வீட்டு முகவரியைத்தான் சொல்லிக்கொண்டிருக்குமாம். காலையிலிருந்து நெற்றியில் அரிக்கிறதென்று கட்டின் ஓரத்தைச் சொறிந்துகொண்டிருந்தேன், அரிப்பு போகவே இல்லை. அரித்தது மூக்காம்.

மார்ச் 12, புதன்

மூக்குக்குள் அடைத்திருந்த துணியை எடுத்துவிட்டார்கள். பேசலாம். உள்ளே இரண்டு குழாய் மட்டும் இருக்கிறது. வாசனை ஒன்றும் தெரியவில்லை. அமராவதி அக்கா கருவாட்டுக் குழம்பு வாங்கி வரச் சொல்லிச் சாப்பிட்டார், வார்டே மூக்கைப் பிடித்துக்கொண்டது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பேச்சு வந்த அன்றைக்கே சண்டையும் வந்தது.

சந்தனம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தே பேசினான்.

“ஏத்தா ரஞ்சிதம், மச்சான் அழுவுறாருத்தா. ஜாமீன்ல வந்ததுலேருந்து சோறு தண்ணி இறங்கல. வேணும்னா என் மூக்கை அறுத்து அவளுக்கு வைக்கச் சொல்லுங்க, நான் தர்றேன்கிறாரு.”

நான் சாத்துக்குடிப் பையைத் தள்ளி வைத்தேன்.

“வக்கீல் என்ன சொல்றாருன்னா, முகம் நிரந்தரமாக் கெட்டுப் போனாத்தான் பெரிய கேஸாம். இப்பதான் மூக்கு வந்திருச்சுல்ல. நல்லா வந்திருச்சுன்னா சும்மா அடிதடி மாதிரி ஆக்கிரலாமாம். நீயும் கோர்ட்ல, தடுக்கிக் கத்தி மேல விழுந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னீன்னா சுலுவா முடிஞ்சிரும். கடையும் பூட்டிக் கிடக்கு. எனக்கும் வேலை இல்ல.”

“அண்ணே, நீ அன்னைக்குப் பாத்தேல்ல?”

“பாத்தேன்.”

“எத்தனை இழுப்பு?”

தரையைப் பார்த்தான்.

“சொல்லுண்ணே.”

“ரெண்டு.”

“தடுக்கி விழுந்தவ ரெண்டு தடவையா விழுவா?”

அண்ணன் சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ, தண்ணீர்ச் சொம்பைத் தூக்கி அவன் மேல் வீசினேன். முழங்காலில் பட்டது. நொண்டிக்கொண்டே போனான். விலா பிடித்துக்கொண்டு எனக்கு மூச்சு நின்றது. எஸ்தர் சிஸ்டர் வந்து என்னைத் திட்டிவிட்டு, சொம்பைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்தார்.

அப்புறம் படுத்து யோசித்தேன். மூக்கு வந்தால் குருநாதன் வெளியே. மூக்கு வராவிட்டால் அவன் உள்ளே. இவ்வளவுதானா சமாசாரம்? என் நெற்றியையும் என் விலாவையும் வெட்டி நானே அவனுக்கு ஜாமீன் தைத்துக் கொடுத்திருக்கிறேனா?

மார்ச் 13, வியாழன்

காலையில் டாக்டரிடம் கேட்டேன். “அந்த ஆளு தோலை எடுத்து எனக்கு வைக்க முடியாதா?”

“ஒட்டாது. ஒரு வாரம், பத்து நாள்ல அழுகி விழுந்துரும். உன் உடம்பு உன்னோடதை மட்டுந்தான் ஏத்துக்கும்.”

“ஒட்டாட்டிப் போகுது. சும்மா உரிச்சு எடுக்க முடியாதா?”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவன் நெற்றியை எங்கே ஆரம்பித்து எப்படி உரிப்பேன் என்று படுத்தபடியே வெட்டிப் பார்த்தேன். கோழித் தோல் கழுத்திலிருந்து வரும். மனிதனுக்குக் காது பக்கத்தில் ஆரம்பித்தால் சுலபம் என்று நினைக்கிறேன். மதியச் சோறு நன்றாக இறங்கியது.

மார்ச் 14, வெள்ளி

பல்வலி. அவன் குத்திய பல். அமராவதி அக்காவிடம் கொஞ்சம் புகையிலை வாங்கிக் கடைவாயில் அடக்கினேன். தலை சுற்றியது. பல்வலிக்குப் புகையிலை நல்லது என்று எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் 15, சனி

பல்வலி நிற்கவில்லை. மூன்று வேளையும் வைத்தேன். வாயில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

எஸ்தர் சிஸ்டர் அவருடைய தங்கை கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கைபேசியில் காட்டினார். மாம்பழ மஞ்சள், கரை அகலம். “அழகா இருக்கு” என்றேன். “நீயும் வரணும், மூக்கோட” என்றார். சரி என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

பல்வலி.

மார்ச் 17, திங்கள்

மூக்கின் இடது ஓரம் கறுத்துவிட்டது.

காலையில் டாக்டர் கட்டைப் பிரித்தார், முகம் மாறியது. விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். ஊசியால் குத்திப் பார்த்தார். கறுத்த இடத்தில் ரத்தம் வரவில்லை. இரண்டு தையலை வெட்டி இறுக்கத்தைக் குறைத்தார். “நல்லாத்தானே இருந்துச்சு, ஏன்? ஏன்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு குனிந்தவர் அப்படியே நின்றார்.

“வாயைத் திற.”

திறந்தேன்.

“உனக்கு வாசனை தெரியாது. எனக்குத் தெரியும்.”

எனக்கு அது தோன்றவே இல்லை. மூன்று நாளாக வார்டு முழுக்க என் வாய் நாறியிருக்கிறது, நாறாதது எனக்கு மட்டும்தான்.

“பல்வலி டாக்டரம்மா.”

“எஸ்தர், பல் டாக்டரைக் கூப்பிடு. ஆடுற பல்லை இப்பவே எடுக்கச் சொல்லு.”

“வேண்டாம், எடுக்க வேண்டாம். வலி போயிருச்சு.”

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அமராவதி அக்காவின் மடியில் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்துக் குப்பையில் போட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று என்னிடம் கேட்டார். அண்ணன் சொன்னதைச் சொன்னேன். வக்கீல் சொன்னதையும் சொன்னேன். புகையிலையைப் பற்றி மட்டும் பல்வலி என்றே சொன்னேன், அதுதான் உண்மை.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன்.

“நீ மூக்கில்லாம வந்த அன்னைக்கே எல்லாப் பக்கத்துலயும் போட்டோ எடுத்தாச்சு. காயச் சான்றிதழ்ல நான் கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்கு நீ உலக அழகியா ஆனாலும் அது மாறாது. கோர்ட்ல வந்து நானே சொல்லுவேன். அவன் செஞ்சது அவனோட. நான் செய்யறது உன்னோட. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பிசையாதே.”

“அப்ப வக்கீல் சொன்னது?”

“அவரு அவன்கிட்ட காசு வாங்குறாரு. வேற என்ன சொல்வாரு?”

அவர் போன பிறகு வாயை நாலு தடவை கொப்பளித்தேன். 

மார்ச் 18, செவ்வாய்

கட்டில் பக்கத்தில் விளக்கு வைத்து மூக்கைச் சூடாக வைத்திருக்கிறார்கள். எஸ்தர் சிஸ்டர் மணிக்கொரு தரம் வந்து நிறம் பார்க்கிறார். ஒன்றும் சொல்வதில்லை.

பயமாக இருக்கிறது. அறுத்த அன்றுகூட இப்படிப் பயப்படவில்லை. அன்றைக்கு அறுத்தது இன்னொருவன்.

மார்ச் 19, புதன்

கறுப்பு பரவவில்லை. பரவாமலும் இல்லை, தெரியவில்லை. அமராவதி அக்கா என் பக்கம் திரும்பிப் பேசுவதில்லை. பொட்டலம் போன கோபமா, எனக்குக் கொடுத்த வருத்தமா, கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

மூக்கே, செத்துத் தொலைக்காதே.

மார்ச் 22, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் சந்தனம் வந்தான். பின்னாலேயே குருநாதன் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் கதம்பமும் குங்குமப் பொட்டலமும். அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் வாழைப்பழச் சீப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான்.

“ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்னாருத்தா” என்றான்.

எஸ்தர் சிஸ்டர் மருந்து எடுக்கப் போயிருந்தார். அவன் கட்டிலில், என் பக்கத்தில், உரிமையாக உட்கார்ந்தான். கடையில் என்னைப் பார்க்கும் அதே பார்வை.

“எப்படிப் புள்ள இருக்கே? உன் பேர்ல அர்ச்சனை பண்ணிட்டு வாரேன்.” குங்குமத்தை விரலில் தொட்டு என் நெற்றிக்குக் கொண்டுவந்தான். நெற்றி முழுக்கக் கட்டு. “அட, வைக்க இடமே இல்லையே” என்று சிரித்தான்.

“போயிரு” என்றேன்.

“போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்.” குனிந்தான். அந்த விரலாலும் கட்டைவிரலாலும் என் புது மூக்கின் நுனியைப் பிடித்தான். சந்தையில் கோழியின் மாரைப் பிடித்துச் சதை பார்ப்பது போல அழுத்தினான். “நல்லாத்தான் ஒட்டியிருக்கு. கோர்ட்ல தடுக்கி விழுந்தேன்னு சொல்லு. இல்லேன்னா இதையும் பிச்சு எறிஞ்சிருவேன். மறுபடி தைக்கிறதுக்கு உனக்கு நெத்தி கிடையாதாமே, உங்கண்ணன் சொன்னான்.”

அவன் பிடித்தது மூக்கை. எனக்குத் தெரிந்தது வகிட்டில். கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்து, தோளைச் சுற்றிக் கையைக் கொண்டுவந்து குங்குமம் வைத்தானே, அந்த இடத்தில், அந்த விரல். தையல் இழுபடுவது தெரிந்தது. உதட்டில் ஏதோ சூடாக வழிந்தது.

கோழி இறக்கையைக் கழற்ற நாங்கள் கத்தி எடுப்பதில்லை. கட்டைவிரலால் தடவினால் மூட்டு எங்கே என்று தெரிந்துவிடும். எந்தப் பக்கம் மடங்காதோ அந்தப் பக்கம் ஒரே அழுத்து. பதினான்கு வருடம் அந்த வேலையைச் செய்த கை. அவனுடைய ஆட்காட்டி விரலைப் பிடித்தேன், மூட்டைத் தடவினேன், அழுத்தினேன்.

சத்தம் அண்ணன் நின்ற இடம்வரை கேட்டிருக்கிறது. விரல் புறங்கைப் பக்கம் மடங்கி நின்றது. அவன் கட்டிலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து கத்தினான். என் கை அடுத்த விரலைத் தேடியது. விலா வலியில் குனிய முடியவில்லை, அதனால் தப்பித்தான்.

எஸ்தர் சிஸ்டர் ஓடி வந்தார். “என்னாச்சு?”

அவன் முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஜாமீனில் வந்தவன் என்னிடம் வரவே கூடாது. வந்தேன், பெண்டாட்டி விரலை உடைத்தாள் என்று ஒரு வார்டு பெண்களுக்கு நடுவில் எந்த வாயால் சொல்வான்?

“தடுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்” என்றான்.

“எதுல தடுக்குனீங்க?”

அவன் தரையைச் சுற்றிப் பார்த்தான்.

“கட்டில்ல” என்றேன் நான்.

அமராவதி அக்கா ஐந்து நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார். “ஆமா சிஸ்டர், நான் பாத்தேன். கட்டில்லதான்.”

அவனை வெளியே கொண்டுபோனார்கள். டாக்டரைக் கூப்பிட்டார்கள். தையல் இரண்டு பிய்ந்திருந்தது, ரத்தம் உதடு தாண்டி நைட்டியில் சொட்டியது. டாக்டர் பஞ்சால் ஒற்றி, பஞ்சை விளக்கில் பிடித்துப் பார்த்தார். மறுபடி ஒற்றினார், மறுபடி பார்த்தார். எனக்குக் கொஞ்ச நஞ்ச உயிரும் போய்விட்டது.

“சிவப்பு ரத்தம்,” என்றார். “நல்ல சிவப்பு. உன் மூக்கு உயிரோட இருக்கு.”

அப்போதுதான் அழுதேன். தையல் இழுக்கும் என்று டாக்டர் திட்டினார், அப்படியும் அழுதேன். சந்தனம் வாழைப்பழத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவனும் அழுதான். அவனை யாரும் தேற்றவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

என் வலது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. எஸ்தர் சிஸ்டர் அதற்கும் களிம்பு தடவிவிட்டார், ஏன் என்று கேட்கவில்லை. வாசலில் இனிமேல் அவனை விடக் கூடாதென்று காவலாளியிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார். போலீஸுக்கும் எழுதிப் போட்டிருக்கிறார்.

மார்ச் 28, வெள்ளி

தண்டை வெட்டிவிட்டார்கள். மிச்சத்தைப் புருவத்துக்கே திருப்பித் தைத்துவிட்டார்கள். கறுத்த ஓரத்தைச் சீவி எடுத்தார்கள். இடது பக்கம் சின்னதாக, எலி கடித்தது போல ஒரு வெட்டு இருக்கும், எப்போதும் இருக்கும்.

கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். வீங்கிப்போன, கொஞ்சம் கோணலான மூக்கு. தொட்டுப் பார்த்தேன். மூக்கிலும் தெரியவில்லை, நெற்றியிலும் தெரியவில்லை. மரத்துக் கிடந்தது. வருடக்கணக்கில் மெல்ல வருமாம், வராமலும் போகலாமாம்.

மறு வருடம், ஆகஸ்ட் 19, புதன்

டைரியில் பக்கம் மிச்சம் இருக்கிறது, வீணாக்குவானேன்.

இன்று கோர்ட்டில் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். காலையில் கடையைத் திறந்து இருபது கிலோ வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். கடை இப்போது என் பேரில், வேறு தெருவில். சந்தனம் என்னிடம்தான் வெட்டுகிறான். அவனும் போன வாரம் சாட்சி சொல்லிவிட்டான். மூக்குக்கு ஏன் மஞ்சள் போட்டாய் என்று ஜட்ஜம்மா கேட்டதற்கு, “கெடாம இருக்கட்டும்னுதாங்கம்மா” என்று சொல்லிக் கூண்டிலேயே அழுதுவிட்டான். இரண்டு இழுப்பு என்பதை மட்டும் சரியாகச் சொன்னான்.

குருநாதன் எதிரே நின்றான். வலது ஆட்காட்டி விரல் மடங்கவில்லை, எல்லோரையும் சுட்டிக்காட்டுவது போலவே இருக்கிறது.

அவனுடைய வக்கீல் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, மூக்கு நல்லாத்தானே இருக்கு?”

“இது மூக்கு இல்லங்கய்யா. இது என் நெத்தி. உள்ள இருக்கிறது என் விலா. இந்த ஆளு அறுத்த மூக்கு போனது போனதுதான், அது இன்னும் வரல.”

கொஞ்ச நேரம் காகிதத்தைப் புரட்டினார். பிறகு ஏதோ பெரிய மீன் சிக்கியது போல நிமிர்ந்தார். “இடது பக்கம் ஓரத்துல ஒரு குறை இருக்கே, அதுவும் என் கட்சிக்காரர் செஞ்சதா? டாக்டர் குறிப்புல புகையிலைன்னு இருக்கு. உங்க மூக்கை நீங்களே கெடுத்துக்கிட்டு அவர் மேல போடுறீங்க, அப்படித்தானே?”

டாக்டர் மெஹருன்னிசா பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்தார்.

“பல்வலிங்கய்யா” என்றேன்.

“ஓகோ, பல்வலி. அவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருக்கும்போது திடீர்னு எப்படிம்மா பல்லு வலிக்கும்?”

இந்தக் கேள்விக்காக நான் ஒன்றரை வருடம் பல்லைப் பிடுங்காமல் வைத்திருந்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய். சும்மாதான் வைத்திருந்தேன். வாயைத் திறந்து, கடைவாய்ப் பல்லை விரலால் ஆட்டிக் காட்டினேன்.

“அறுக்கிறதுக்கு முன்னாடி இந்த ஆளு குத்துன பல்லுங்கய்யா. அன்னையிலேருந்து ஆடுது.”

 “பல்லையும் எழுதிக்கங்க” என்று ஜட்ஜம்மா டைப் அடிப்பவரிடம் சொன்னார். வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் டாக்டர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “பல்வலியா?” என்றார்.

“பல்வலிதான் டாக்டரம்மா” என்றேன்.

செப்டம்பர் 9, புதன்

ஏழு வருடம் ஜெயில். அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் முகத்தை மூடவில்லை.

எஸ்தர் சிஸ்டர் போன் செய்து, சந்தோஷமா என்று கேட்டார். ஒரு விரல்தான் உடைத்தேன் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது என்றேன். “வாயைக் கழுவு” என்று சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தார்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். சந்தனம் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு இறகு பறந்து வந்து முகத்தில் ஒட்டியது, இரண்டு கையிலும் ரத்தம், துடைக்க முடியவில்லை. அரித்தது. எங்கே அரிக்கிறது என்று ஒரு நிமிடம் அப்படியே நின்று பார்த்தேன். வகிட்டில் இல்லை. நெற்றியில் இல்லை. மூக்கில்தான் அரித்தது.

“என்னத்தா நின்னுட்டே?” என்றான் சந்தனம்.

“ஒண்ணும் இல்ல, மூக்கு அரிக்குது” என்று சொல்லிவிட்டு, புறங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அடுத்த கோழியை எடுத்தேன்.